எஜமானர்கள் நியமித்த எஜமானர்

தெருவில் பிள்ளைகள் சடுகுடு ஆடத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சடங்கு நடக்கும். அதற்கு "உத்தி பிரித்தல்" என்று பெயர். பலத்தில் ஏறக்குறையச் சமமான இரண்டு பிள்ளைகள் தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போவார்கள். காதோடு காதாகப் பேசி, ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் சூரியன், மற்றவன் சந்திரன். அல்லது ஒருவன் மாம்பழம், மற்றவன் பலாப்பழம். பிறகு திரும்பி வந்து கட்சித் தலைவர்களில் ஒருவனிடம், "உனக்குச் சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?" என்று கேட்பார்கள். எந்தப் பெயருக்குள் எந்த ஆள் ஒளிந்திருக்கிறான் என்பது தலைவனுக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததை அவன் சொல்வான். அந்த ஆள் அவன் பக்கம், மிஞ்சியவன் எதிர்ப்பக்கம். கடைசி ஜோடி வரையில் இப்படியே பிரித்து முடித்தால், இரண்டு கட்சிகளும் பலத்தில் சமமாக இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் அடங்கியுள்ள ஞானம் சாமானியமானதல்ல. கெட்டிக்காரர்கள் எல்லாரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டால் ஜயிப்பது சுலபந்தான். ஆனால் அந்த ஜயத்தில் ருசி இராது. தோற்றவர்கள் மறுநாள் ஆட வரமாட்டார்கள். வேடிக்கை பார்க்க நின்றவர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பிள்ளைகள் விளையாட்டு இருக்கட்டும். விளையாட்டையே வியாபாரமாக நடத்துகிறவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு எதிர்க்கடை மூடப்பட்டால் லாபம். டிக்கெட்டு விற்றுப் பந்தயம் ஆடும் ஒரு கோஷ்டிக்கோ, எதிர்க் கோஷ்டி மூடப்பட்டால் தன் கடையையும் மூட வேண்டியதுதான். எதிரி இருக்க வேண்டும். அவன் பலசாலியாகவும் இருக்க வேண்டும். அவனை ஜயிக்கவும் வேண்டும்! இந்த விசித்திரமான நிலைமையைச் சமாளிப்பதற்காகவே விளையாட்டு உலகத்தில் பல விதிகளும், அவற்றை நடத்திவைக்க அதிகாரிகளும் தோன்றினார்கள்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. அங்கே சம்பளத்துக்கு ஆடும் கோஷ்டிகள் பல ஒன்றுகூடி "லீக்" என்ற சங்கமாகச் சேர்கின்றன. அதன் தலைமை அதிகாரிக்குக் "கமிஷனர்" என்று பெயர். அவரை நியமிப்பவர்கள் கோஷ்டிகளின் சொந்தக்காரர்கள். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்களும் அவர்களே. அப்படியிருந்தும், அந்தச் சொந்தக்காரர்களையே தண்டிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. வேலைக்கு அமர்த்தப்பட்டவர் எஜமானரை அடக்குவது எப்படி நடக்கிறது? எதுவரையில் நடக்கிறது? அதனால் நன்மை அடைந்தவர் யார், அடிபட்டவர் யார்? இந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

தராசும் தட்டும்

பேஸ்பால் அமெரிக்கர்களின் தேசிய விளையாட்டு. ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் அதைத் தடியால் அடித்துவிட்டு ஓடுவதால், கிரிக்கெட்டுக்கு அதைத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அங்கே பெரிய லீகுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் முதலாவதாக வந்த கோஷ்டிகள் வருஷக் கடைசியில் மோதும் பந்தயத்துக்கு "வேர்ல்டு சீரீஸ்" என்று பெயர்.

பேஸ்பாலுக்கு ஆதியில் கமிஷனர் இல்லை. 1903-ம் வருஷம் முதல் மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி நிர்வாகம் நடத்தி வந்தது. இரண்டு லீகுகளின் தலைவர்கள் இருவர். மூன்றாமவர் காரி ஹெர்மன்; கமிட்டியின் அக்கிராசனர் அவர்தான். ஆனால் அவர் சின்சினாட்டி நகரத்துக் கோஷ்டிக்கும் தலைவர்! தராசைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒரு தட்டிலும் உட்கார்ந்திருந்தார். அவர் எவ்வளவு யோக்கியராயிருந்தாலும், மற்றத் தட்டில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் போகுமா?

1919-ம் வருஷத்து வேர்ல்டு சீரீஸில் அந்தச் சின்சினாட்டி கோஷ்டியும் சிகாகோ நகரத்து "ஒயிட் ஸாக்ஸ்" கோஷ்டியும் மோதின. சிகாகோதான் ஜயிக்கும் என்று பலர் நம்பியிருந்தார்கள். ஆனால் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் சின்சினாட்டி ஜயித்தது. அடுத்த வருஷம் குட்டு வெளிப்பட்டது. சிகாகோ ஆட்டக்காரர்கள் சிலர் சூதாட்டக்காரர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு வேண்டுமென்றே தோற்றார்களாம். எட்டுப் பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

தேசம் முழுவதும் அதிர்ச்சி அடைந்தது. கோஷ்டிகளின் சொந்தக்காரர்கள் பதறிப் போனார்கள். பந்தயம் முன்கூட்டியே விற்கப்பட்ட சரக்கு என்று ஜனங்கள் நினைத்துவிட்டால் யார் காசு கொடுத்து டிக்கெட்டு வாங்குவார்கள்? பழைய கமிட்டியில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. எந்தக் கோஷ்டியிலும் பங்கில்லாத ஒரு மனிதர், பெயரைச் சொன்னால் ஊர் அடங்கும் ஒரு மனிதர், அவர்களுக்குத் தேவைப்பட்டார்.

நீதிபதி வந்தார்

அப்படிக் கிடைத்தவர்தான் கென்னஸா மௌண்டன் லாண்டிஸ். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தகப்பனார் காயமடைந்த மலையின் பெயரையே பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். சிகாகோவில் மத்திய சர்க்காரின் நீதிபதியாக இருந்த லாண்டிஸ், 1907-ல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிக்கு 2 கோடியே 92 லட்சம் டாலர் அபராதம் விதித்துப் பிரசித்தி பெற்றவர். மேல் கோர்ட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகிவிட்டது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. சொந்தக்காரர்களுக்கு அவரிடம் வேறொரு நன்றியும் உண்டு. 1915-ல் போட்டி லீக் ஒன்று, "இவர்கள் ஏகபோகம் நடத்துகிறார்கள்" என்று அவருடைய கோர்ட்டில் வழக்குப் போட்டது. லாண்டிஸ் தீர்ப்பே சொல்லாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் தள்ளிப் போட்டார். அதற்குள் கட்சிக்காரர்கள் ராஜியாகி, ஏகபோகம் பிழைத்துக்கொண்டது.

1920-ம் வருஷம் நவம்பர் மாதம் அவரைக் கமிஷனராகும்படி அழைத்தார்கள். வருஷ சம்பளம் 50,000 டாலர். லாண்டிஸ் தம் நிபந்தனைகளைச் சொன்னார். பேஸ்பாலின் நன்மைக்கு விரோதமானது என்று தமக்குப் படும் எதையும் விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் வேண்டும். அந்தத் தண்டனையை எதிர்த்துச் சொந்தக்காரர் எவரும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. கோடீசுவரர்கள் தலையை ஆட்டிவிட்டு, தங்களுக்கே ஓர் எஜமானரை நியமித்துக்கொண்டார்கள். பயம் என்ன காரியந்தான் செய்யாது!

1921-ம் வருஷம் ஆகஸ்டு 2-ந் தேதி ஜூரிகள் விசாரணைக்கு நின்ற ஆட்டக்காரர்களைக் குற்றவாளிகள் அல்ல என்று விட்டுவிட்டார்கள். மறுநாளே லாண்டிஸ், ஜூரிகள் என்ன சொன்னாலும் சரி, இவர்களுக்கு இனிமேல் பேஸ்பாலில் இடமில்லை என்று அறிவித்தார்.

அந்த எட்டுப் பேரில் பக் வீவர் என்று ஒருவர். அவர் சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கவில்லை. பந்தயத்தில் நன்றாகவே ஆடினார். அவருடைய குற்றம், சதி நடப்பது தெரிந்தும் வாயைத் திறக்காததுதான். அவருக்கும் மற்றவர்களைப் போலவே ஆயுள் தண்டனை! நியாயம் கேட்டுப் பல தடவை மனுப் போட்டார், பயனில்லை. 1956-ல் காலமானார். 2025-ம் வருஷம் மே மாதத்தில், அப்போதைய கமிஷனர் ராப் மான்பிரட், ஆயுள் தண்டனை ஆயுளோடு முடிந்துவிடுகிறது என்று தீர்மானித்து, இறந்துபோனவர்களின் பெயர்களை விலக்கப்பட்டோர் ஜாபிதாவிலிருந்து நீக்கினார். தண்டனை விதித்து 104 வருஷங்கள் கழித்து வந்த விடுதலை அது.

லாண்டிஸின் கடுமைக்குப் பலன் இல்லாமற் போகவில்லை. வலியவர்களிடமும் அவர் தயவு காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1921-ல் தேசத்தின் செல்லப் பிள்ளையாயிருந்த ஆட்டக்காரர் பேப் ரூத். வேர்ல்டு சீரீஸ் முடிந்த பிறகு, விதிக்கு மாறாக, அவர் ஊர் ஊராகப் போய்க் காட்சிப் பந்தயங்கள் ஆடினார். லாண்டிஸ் அவருக்கு அபராதம் போட்டதோடு, அடுத்த வருஷம் மே 20-ந் தேதி வரையில் களத்துக்குள் வரக் கூடாது என்றும் உத்தரவிட்டார். சில பெரிய கோஷ்டிகள் சின்ன லீகுகளில் இளம் ஆட்டக்காரர்களை மறைமுகமாகக் கட்டிப்போட்டு வைத்திருந்தன. 1938-ல் செயின்ட் லூயிஸ் கோஷ்டியிடமிருந்து எழுபதுக்கு மேற்பட்டவர்களையும், 1940-ல் டெட்ராய்ட் கோஷ்டியிடமிருந்து தொண்ணூறு பேர் வரையிலும் அவர் விடுவித்தார். பந்தயம் யோக்கியமாக நடக்கிறது என்ற நம்பிக்கை ஜனங்களுக்கு மறுபடியும் உண்டாயிற்று.

எழுதாத விதி

இவ்வளவு தூரம் படித்த நேயர்கள், "பேஷ்! இப்படிப்பட்ட மனிதர் அல்லவா வேண்டும்!" என்று சொல்லக்கூடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

லாண்டிஸ் இருபத்துநான்கு வருஷம் கமிஷனராக இருந்தார். அந்த இருபத்துநான்கு வருஷத்தில் கறுப்பர் ஒருவராவது பெரிய லீகுகளில் ஆடியதில்லை. 1884-ல் பிளீட்வுட் வாக்கரும் அவருடைய சகோதரரும் ஆடிய பிறகு அந்தக் கதவு சாத்தப்பட்டது. சாத்தியவர் லாண்டிஸ் அல்ல. ஆனால் திறக்கக்கூடிய அதிகாரம் படைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். 1942-ல் பத்திரிகைகள் இதைப் பற்றிக் கேட்டபோது, கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று எந்த விதியும் இல்லையே என்றார். வாஸ்தவம், காகிதத்தில் விதி இல்லை. கோயில் வாசலில் பலகை எழுதித் தொங்கவிடாமலே, தலைமுறை தலைமுறையாக ஒரு ஜாதியாரை வெளியே நிறுத்திவைத்த நம் நாட்டாருக்கு இந்த வாதம் புதிதல்ல. எழுதிய விதியைக் கிழித்துப் போடலாம். எழுதாத விதியை என்ன செய்வது?

1943-ம் வருஷம் டிசம்பரில் கறுப்பர்களின் பத்திரிகாதிபர்கள் ஒரு தூதுகோஷ்டியாகச் சென்றார்கள். பிரசித்த பாடகர் பால் ராப்ஸனும் கூடச் சென்றார். சொந்தக்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதோடு சரி.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1920-ம் வருஷம் பிப்ரவரியில், அதாவது லாண்டிஸ் பதவிக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்னாலேயே, ரூப் பாஸ்டர் என்பவர் "நீக்ரோ நேஷனல் லீக்" என்ற சொந்த லீகைக் கான்ஸாஸ் நகரத்தில் ஸ்தாபித்தார். ஜோஷ் கிப்ஸன், ஸாட்சல் பெய்ஜ் போன்ற மகா நிபுணர்கள் கறுப்பர்களின் லீகுகளில்தான் ஆடினார்கள்.

லாண்டிஸ் 1944-ம் வருஷம் நவம்பரில் காலமானார். அவருக்குப் பின் வந்த ஹாப்பி சாண்ட்லர், தென்பகுதியான கெண்டகியைச் சேர்ந்த ஸெனட்டர். அவரால் மாறுதல் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. ஆனால் புரூக்ளின் கோஷ்டியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945-ல் ஜாக்கி ராபின்ஸன் என்ற கறுப்பு இளைஞரை ஒப்பந்தம் செய்தபோது சாண்ட்லர் தடுக்கவில்லை. 1947-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி ராபின்ஸன் புரூக்ளின் களத்தில் இறங்கினார். அந்த வருஷத்தின் சிறந்த புது ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. ஜோஷ் கிப்ஸன் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. மூன்று மாதம் முன்னால் ஜனவரியில் இறந்துபோனார். ஸாட்சல் பெய்ஜுக்கு 1948-ல் இடம் கிடைத்தபோது வயது நாற்பத்திரண்டு.

சரித்திரம் மெதுவாகக் கணக்குத் தீர்க்கிறது. ஒவ்வொரு வருஷமும் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பரிசுப் பலகையில் பொறிக்கப்பட்டிருந்த லாண்டிஸின் பெயர் 2020-ல் எடுக்கப்பட்டது. 2024-ல் கறுப்பர் லீகுகளின் ஆட்டக் கணக்குகளும் பெரிய லீகுகளின் கணக்கோடு சேர்க்கப்பட்டன. உடனே, ஆயுள் முழுவதும் பந்தடித்த சராசரியில் முதல்வர் யார் என்று பார்த்தால், ஜோஷ் கிப்ஸன்!

சமத்துவத்தின் பெயரால்

இனி வேறொரு விதியைப் பார்ப்போம். இது காகிதத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆட்டக்காரர் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஆனால் அதன் ஒரு ஷரத்து, அந்த ஒப்பந்தத்தை மேலும் ஒரு வருஷம் நீட்டிக்கும் உரிமையைக் கோஷ்டிக்குக் கொடுத்தது. நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருக்கிறதல்லவா? ஆகவே அதையும் நீட்டிக்கலாம்; மறுபடியும் நீட்டிக்கலாம். வட்டிக்கு வட்டி போடும் லேவாதேவிக்காரருக்கும் தோன்றாத யுக்தி! பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த வழக்கப்படி, ஓர் ஆட்டக்காரர் தாமாக வேறு கோஷ்டிக்குப் போக முடியாது. கோஷ்டி மட்டும் அவரை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

இதற்குச் சொந்தக்காரர்கள் சொன்ன சமாதானம் மிக அழகானது. "ஆட்டக்காரர்கள் இஷ்டப்படி போகலாம் என்று விட்டால், பெரிய நகரத்துப் பணக்காரக் கோஷ்டிகள் கெட்டிக்காரர்கள் எல்லாரையும் வாங்கிவிடும். ஏழைக் கோஷ்டிகள் அழிந்துபோகும். சமத்துவத்துக்காகவே இந்தக் கட்டுப்பாடு" என்றார்கள். கமிஷனர்களும் அதையே சொன்னார்கள்.

வாதத்தை அனுபவத்தோடு ஒத்துப் பார்ப்போம். இந்தக் கட்டுப்பாடு பூரணமாக அமலில் இருந்த 1947 முதல் 1964 வரையிலான பதினெட்டு வருஷங்களில், நியூயார்க் நகரத்து "யாங்கீஸ்" கோஷ்டி தன் லீகில் எத்தனை தடவை முதலாவதாக வந்தது? பதினைந்து தடவை! நாட்டிலேயே பெரிய நகரத்துக் கோஷ்டிதான் அது. ஆட்டக்காரர் தாமாகப் போகக் கூடாதே தவிர, ஏழைக் கோஷ்டி அவரைப் பணக்காரக் கோஷ்டிக்கு விற்கத் தடையில்லை. கெட்டிக்காரர் எப்படியும் நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்தார். விலை மட்டும் அவருக்குக் கிடைக்காமல் அவருடைய எஜமானருக்குக் கிடைத்தது.

1969-ல் கர்ட் பிளட் என்ற சிறந்த ஆட்டக்காரரைச் செயின்ட் லூயிஸ் கோஷ்டி பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டது. அவர் கறுப்பர், வருஷம் 90,000 டாலர் சம்பளம் வாங்கியவர். அந்த டிசம்பரில் அவர் கமிஷனர் போவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதி, தம் சம்மதம் இல்லாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்து அல்ல என்று தெரிவித்தார். கூன் மறுத்துவிட்டார். பிளட் வழக்குத் தொடர்ந்தார். 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பால் ஏகபோகச் சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்று 1922-ல் செய்த பழைய தீர்ப்பை மாற்றக் கோர்ட்டாருக்குத் துணிவில்லை. பிளட்டின் ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆனால் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1975 டிசம்பரில், மத்தியஸ்தர் பீட்டர் ஸீட்ஸ், ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷந்தான் என்று இரண்டு ஆட்டக்காரர்களின் விவகாரத்தில் தீர்ப்புச் சொன்னார். சொந்தக்காரர்கள் உடனே ஸீட்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை.

பேஸ்பால் அழிந்ததா? 1978 முதல் 1987 வரையில் பத்து வருஷங்களில் வேர்ல்டு சீரீஸை ஜயித்தவை பத்து வெவ்வேறு கோஷ்டிகள்! விடுதலை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகையாகும். 1965-ல் வேறொரு நல்ல விதியும் பேஸ்பாலுக்கு வந்திருந்தது. அந்த விதி பிறந்த இடம் வேறு.

பலசாலிகளின் தியாகம்

அமெரிக்கர்கள் "புட்பால்" என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதே அதிகம். 1930-களில் அதை ஆடும் "நேஷனல் புட்பால் லீக்" நொடித்துக்கொண்டிருந்தது. அதில் பிலடெல்பியா கோஷ்டியின் சொந்தக்காரர் பெர்ட் பெல். அவருடைய கோஷ்டி தோற்பதில் பேர்போனது. 1935-ல் அவர் ஒரு யோசனை சொன்னார். கல்லூரிகளிலிருந்து வெளிவரும் ஆட்டக்காரர்களை இனிமேல் வரிசைக் கிரமமாகத் தேர்ந்தெடுப்போம். போன வருஷம் கடைசியாக வந்த கோஷ்டிக்கு முதல் உரிமை. முதலாவதாக வந்த கோஷ்டிக்குக் கடைசி உரிமை.

கடைசியில் இருப்பவர் இப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. முன்னால் நின்ற சிகாகோவும் நியூயார்க்கும் சம்மதித்ததுதான் ஆச்சரியம். எதிரிகள் செத்துப்போனால் தாங்களும் பிழைக்க முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். 1936-ம் வருஷம் பிப்ரவரியில் முதல் தேர்வு நடந்தது. முதல் உரிமை பெற்ற பெல், ஜே பெர்வாங்கர் என்ற பிரசித்தமான இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். அந்த இளைஞரோ சம்பளம் போதாதென்று லீகில் ஆடாமலே வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்! விதி எவ்வளவு நல்லதானாலும் மனிதனும் "சரி" என்று சொல்ல வேண்டுமே.

1946-ல் பெல் அந்த லீகின் கமிஷனரானார். பந்தய அட்டவணையை அவரே தம் வீட்டு மேஜையில் டாமினோக் கட்டைகளைப் பரப்பித் தயாரிப்பார். பருவத்தின் தொடக்கத்தில் பலவீனர்கள் பலவீனர்களோடும், பலசாலிகள் பலசாலிகளோடும் மோதும்படி அமைப்பார். கடைசி வாரம் வரையில் எல்லா ஊர்களிலும் நம்பிக்கை உயிரோடிருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1959-ல் ஒரு பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. ஆடிய இரண்டு கோஷ்டிகளும் ஒரு காலத்தில் அவருக்குச் சொந்தமாயிருந்தவை.

அடுத்த கமிஷனரைத் தேர்ந்தெடுக்க 1960-ம் வருஷம் ஜனவரியில் கூடியவர்கள் இருபத்து மூன்று தடவை வோட்டு எடுத்தார்கள். கடைசியில் பீட் ரோஸெல் என்ற முப்பத்துமூன்று வயது இளைஞர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது டெலிவிஷன் வளர்ந்து வந்த காலம். நியூயார்க் போன்ற பெரிய நகரத்துக் கோஷ்டிக்கு அதனால் பெருந்தொகை; கிரீன் பே என்ற சிற்றூருக்குச் சொற்பம். 1960-ல் அந்த ஊரின் ஜனத்தொகை 63,000-க்கும் குறைவு. அங்கே கோஷ்டிக்குத் தனி முதலாளி கிடையாது. ஊர் ஜனங்களே பங்குதாரர்கள்.

எல்லாக் கோஷ்டிகளின் டெலிவிஷன் உரிமையையும் ஒன்றாகச் சேர்த்து விற்று, பணத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்றார் ரோஸெல். நியூயார்க் கோஷ்டியை நடத்திய மாரா சகோதரர்கள் சம்மதித்தார்கள். ஒரு நீதிபதி அந்த ஏற்பாடு ஏகபோகச் சட்டத்துக்கு விரோதம் என்றார். ரோஸெல் காங்கிரஸ் மகாசபையை அணுகினார். 1961 செப்டம்பரில் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்ட சட்டம் அதற்கு அனுமதி அளித்தது. 1962-ல் வந்த ஒப்பந்தத் தொகை வருஷத்துக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் டாலர். பதினான்கு கோஷ்டிகளுக்கும் சமபங்கு. தோற்றவருக்கும் ஜயித்தவருக்கும், நியூயார்க்குக்கும் கிரீன் பேக்கும் ஒரே தொகை. கிரீன் பே 1966, 1967-ம் வருஷத்துப் பருவங்களில் முதல் இரண்டு "ஸூப்பர் பௌல்" பந்தயங்களையும் ஜயித்தது. 2010-ம் வருஷத்துப் பருவத்திலும் ஜயித்தது. பெருநகரங்கள் பொறாமைப்படும் பெருமை அது.

ரோஸெலும் குறையற்றவர் அல்ல. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் வேறு கோஷ்டிக்குப் போனால், புதுக் கோஷ்டி பழைய கோஷ்டிக்கு என்ன ஈடு கொடுக்க வேண்டும் என்பதைக் கமிஷனரே தீர்மானிப்பார் என்று 1963-ல் ஒரு விதி வந்தது. பேஸ்பால் தளைக்குப் பட்டுத் துணி சுற்றினாற்போல. 1976-ல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. முடிவில் 1993-ல் ஆட்டக்காரர்களின் சங்கத்தோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒப்பந்தம் முடிந்தவர் சுதந்திரமாகப் போகலாம். அதற்குப் பதிலாக, ஒரு கோஷ்டி சம்பளத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு வரம்பு உண்டு. 1994-ல் அந்த வரம்பு 3 கோடியே 46 லட்சம் டாலர். இதுவும் ஒரு கட்டுதான். ஆனால் கட்டப்படுகிறவரும் மேஜையில் உட்கார்ந்து பேசிச் சம்மதித்த கட்டு.

நம் வாசலில்

இந்த விதிகளெல்லாம் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்துவிட்டன. 2008-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் எட்டு நகரங்களின் பெயரால் ஐ.பி.எல். பந்தயத்தைத் தொடங்கியபோது, ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். ஒரு கோஷ்டி செலவிடக்கூடிய தொகைக்கு 50 லட்சம் டாலர் வரம்பு வைத்தார்கள். சென்னைக் கோஷ்டி அதில் 15 லட்சத்தைத் தோனி ஒருவருக்கே கொடுத்தது. ஆனால் முதல் வருஷம் ஜயித்தது, எட்டுக் கோஷ்டிகளிலும் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட ராஜஸ்தான். விதி தன் வேலையைச் செய்தது.

ஆனால் காரி ஹெர்மனின் தராசும் கூடவே வந்துவிட்டது. வாரியத்தின் நிர்வாகிகள் வாரியத்தின் பந்தயங்களில் வியாபார சம்பந்தம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. ஐ.பி.எல். மட்டும் இதற்கு விலக்கு என்று 2008-ல் திருத்தினார்கள். 2013-ல் சூதாட்டப் புகார் வெடித்தது. 2015-ம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திருத்தத்தை ரத்துச் செய்தது. சிகாகோவில் நடந்ததைப் போலவே, இங்கேயும் கடைசியில் ஒரு நீதிபதியைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. முன்னாள் பிரதம நீதிபதி லோதாவின் தலைமையில் அமைந்த கமிட்டி, ஜூலை மாதத்தில் சென்னை, ராஜஸ்தான் கோஷ்டிகளை இரண்டு வருஷம் விலக்கிவைத்தது. குற்றமற்ற ஆட்டக்காரர்கள் வேறு கோஷ்டிகளைத் தேட நேர்ந்தது. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சேப்பாக்கத்துக்குப் போன பிள்ளைகள் இரண்டு கோடைகாலம் ஏமாந்து நின்றார்கள். 2018-ல் சென்னை திரும்பி வந்து அந்த வருஷமே ஜயித்தது வேறு கதை. தராசு பிடிப்பவரைத் தட்டில் உட்கார விடாமல் முதலிலேயே தடுத்திருந்தால், அந்தச் சந்தேகத்துக்கும் வேதனைக்கும் எவ்வளவோ இடமில்லாமற் போயிருக்கும்.

லாண்டிஸின் கையில் எல்லையற்ற அதிகாரம் இருந்தது. சூதாட்டக்காரர்களுக்கு எதிராக அதை உபயோகித்தார்; கறுப்பர்களுக்காக உபயோகிக்கவில்லை. பெல்லும் ரோஸெலும் பலசாலிகளைத் தங்கள் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் செய்தார்கள். அதனால் எல்லாரும் வளர்ந்தார்கள். எளியவனை விட்டுக்கொடுக்கச் செய்து அதற்குச் சமத்துவம் என்று பெயரிட்ட இடத்திலோ, சமத்துவம் வரவில்லை. ஆகையால் ஒரு விதி நல்லதா, கெட்டதா என்று அறிய வேண்டுமானால், அது யாரைக் கட்டுகிறது, கட்டப்பட்டவரைக் கேட்டார்களா என்று விசாரித்தால் போதும்.

நம் தெருப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கிறது. உத்தி பிரிக்கும்போது பெயர் வைத்துக்கொள்கிறவர்கள் ஆடப்போகிற பிள்ளைகளே, தலைவர்கள் அல்ல. தேர்ந்தெடுக்கிற தலைவனுக்கோ, யார் தனக்குக் கிடைக்கப் போகிறான் என்பது தெரியாது. அங்கே கமிஷனரும் இல்லை, நீதிபதியும் இல்லை. ஆனாலும் ஆட்டம் இருட்டும் வரையில் நடக்கிறது. மறுநாள் எல்லாரும் திரும்பி வருகிறார்கள்.